ரப்பர் பால் பூசிய தோட்டா

எங்கள் பழைய கடையை இப்போது நடத்துகிற ஸ்டெல்லா போன மாதம் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, செமி ஆட்டோமேட்டிக் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார். பக்கத்தில் காப்பிக் கோப்பை. ஸ்பிரிங் மாற்றுகிறார், அடிக்கட்டையை அறுத்துச் சிறிதாக்குகிறார், தோளில் உதைக்காமல் இருக்க ரப்பர் மெத்தை ஒட்டுகிறார். முகத்தில் சிரிப்பு குறையவே இல்லை. "மாமா, இதப் பாத்துட்டு நம்ம ஆளுகளும் வீட்டிலேயே செய்யத் தொடங்கிட்டாவ. பாதி பிரிச்சிட்டு மீதியச் சாக்குல கெட்டிக் கொண்டு வாறாவ. நீங்க ஒருநாள் வந்து கடைப் பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்று கேட்டிருந்தாள். பேசினால் எனக்கு மூச்சு வாங்கும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். கோயிலுக்கு நேரமாகிறது என்று என் மனைவி அந்த முனையில் நின்றே வாழ்நாளில் பாதியைக் கழித்தாள். இப்படிப்பட்டவன் எப்படித் துப்பாக்கி வேலைக்கு வந்தான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். பயமில்லாதவன் இந்த வேலையில் ரொம்ப நாள் இருக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வேலை படித்தது நெய்யாற்றின்கரை கடைத்தெருவில், கிறிஸ்துதாஸ் மேஸ்திரியிடம். லைசென்ஸ் உள்ள கடை. துப்பாக்கி, தையல் மெஷின், பெட்ரோமாக்ஸ் விளக்கு, மூன்றுமே பழுது பார்ப்போம். முதல் இரண்டு வருஷம் அரம் பிடித்தேன், மண்ணெண்ணெயில் கையை ஊற வைத்தேன், திட்டு வாங்கினேன். அதைச் சொல்லி உங்களைச் சலிக்க வைக்கப் போவதில்லை. மேஸ்திரியைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அப்போது பக்கத்தில் நிற்க முடியாது. ஒரு துப்பாக்கி கைக்கு வந்தால் முதலில் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைப்பார். பிறகு குழலின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்ப்பார். மண்ணைப் பார்க்க வேண்டும், அல்லது ஆளில்லாத மேட்டைப் பார்க்க வேண்டும். அது சரியான பிறகுதான் உடைமைக்காரரிடம் பேச்சு. அவரே திறந்து காலி செய்து மேசையில் வைத்த துப்பாக்கியைக் கூட, எழுந்து வெளியே போய் வெற்றிலை துப்பிவிட்டு வந்தால், மறுபடி திறந்து பார்ப்பார். "நான் எழும்பின நேரத்துல அதுக்க வயித்துக்குள்ள என்ன போச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்பார். என் பயத்துக்கு ஒரு முதலாளி கிடைத்தார் என்றே எனக்குத் தோன்றியது.

எல்லைப் போராட்டம் சூடு பிடித்த வருஷங்கள் அவை. எங்கள் ஊர்கள் தமிழ்ப் பக்கம் போகுமா மலையாளப் பக்கம் போகுமா என்று யாருக்கும் தெரியாது. தமிழ் பேசுகிறவர்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கிழக்கே சில இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள் என்று சேதி வந்தபடி இருந்தது. கடையில் தமிழில் கணக்குச் சொன்னால் ஒருவர் முறைப்பார், மலையாளத்தில் சொன்னால் இன்னொருவர் முறைப்பார். நான் இரண்டையும் விட்டு விரலை மடக்கிக் காட்டப் பழகியிருந்தேன்.

அப்போதுதான் உத்தரவு வந்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதை அந்தந்தப் பகுதி ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தண்டோரா போட்டு, கடைசி நாளும் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைக்குப் பொன்னையன் வந்தார். பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஞானதாஸ் வாத்தியாரிடம் பால் வெட்டுகிறவர். பஸ் இல்லாததால் நடந்தே வந்திருந்தார்.

"மேஸ்திரியே, வாத்தியாருக்க தோக்குல தோட்டா மாட்டிக்கிடக்குது. உள்ளயும் போவல்ல, வெளியயும் வரல்ல. நாளைக்கு ஸ்டேசன்ல குடுக்கணும். நீங்க வரல்லன்னா வாத்தியாரு செத்துப்போவாரு."

"தோக்கு எங்க கெடக்குது?" என்றார் மேஸ்திரி.

"ரப்பர் சீட்டடிக்கிய புரையில. யாரும் கிட்டப் போவல்ல."

"வாய் எந்தப் பக்கம்?"

பொன்னையன் யோசித்தார். "அடுக்களைப் பக்கம்" என்றார். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயம் தோட்டாவோடு முடியவில்லை. வாத்தியாருடைய ஒரே மகன் ஜெபமணி ஊர்வலத்தில் பிடிபட்டு, துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டிய அதே ஸ்டேஷனில் லாக்கப்பில் இருந்தான். மகன் உள்ளே இருக்கும் ஸ்டேஷனுக்குத் தகப்பன் தோட்டா போட்ட துப்பாக்கியோடு போனால் என்ன சொல்வார்கள்? மகனை மீட்க வந்தான் என்பார்கள். கொண்டு போகாமல் இருந்தால், போராட்டக்காரனின் தகப்பன் துப்பாக்கியை ஒளித்து வைத்தான் என்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் அவரும் உள்ளே, மகனுக்கும் விடுதலை இல்லை.

மறுநாள் விடிந்ததும் மேஸ்திரியும் நானும் இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். அமரவிளையில் போலீஸ் மறித்தது. மேஸ்திரி முன்பே சொல்லி வைத்திருந்தார்: "பேச்ச நான் பேசுதேன். நீ வாயத் தொறக்காண்டாம்."

"சஞ்சியில் எந்தா?" என்றார் போலீஸ்காரர்.

"பணியாயுதம் ஏமானே. தையல் மெஷின் நன்னாக்குந்ந ஆளா."

பை முழுதையும் ரோட்டில் கொட்டினார்கள். திருப்புளி, அரம், எண்ணெய்க் குப்பி, கமுகில் சீவிய நீளமான குச்சி. குச்சியை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "இவன் எந்தா மிண்டாத்தது?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். "அவன் ஊமயா ஏமானே" என்றார் மேஸ்திரி, கண் இமைக்காமல். கடை வைத்திருக்கிற மனிதர், சபையில் காணிக்கைத் தட்டு எடுக்கிறவர். எனக்கு நாக்கு உண்மையாகவே ஒட்டிக்கொண்டது. காரக்கோணம் தாண்டுகிற வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாத்தியார் வீட்டு வாசலிலேயே நின்றார். மிஷன் பள்ளியில் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், குட்டையான மனிதர். அன்று இன்னும் குட்டையாகத் தெரிந்தார். மேஸ்திரி யாரிடமும் குசலம் கேட்கவில்லை. வீட்டம்மாவை அடுப்பை அணைக்கச் சொன்னார். எல்லாரையும் தோட்டத்தின் மேல்சரிவுக்கு அனுப்பினார். வாத்தியாரை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஷீட் அடிக்கிற அந்தக் கொட்டகைக்குள் பக்கவாட்டாக நுழைந்து, துப்பாக்கியை மெதுவாகத் தூக்கி, வாயை ஆளில்லாத மண்மேட்டுப் பக்கம் திருப்பி, பழைய சாக்கின் மேல் வைத்தார். 

அது செமி ஆட்டோமேட்டிக். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. வழக்கமான இரட்டைக்குழல் துப்பாக்கியை நடுவில் மடக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இது அப்படியில்லை. குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் உண்டு, அதில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். மேஸ்திரி அதை வயிறு என்பார். ஒன்று வெடித்ததும், தோட்டா உட்காரும் அறையை மூடியிருக்கிற போல்ட் தானே பின்னால் போய், வயிற்றிலிருந்து அடுத்ததை மேலே ஏற்றிக்கொண்டு மூடிக்கொள்ளும்.

வாத்தியார் கைவேலைப் பிரியர். துப்பாக்கியை வீட்டிலேயே தனக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார். அவர் கை குட்டை என்பதால் அடிக்கட்டையைச் சிறிதாக அறுத்திருந்தார். அதன் முனையில், தம் தோட்டத்து ரப்பர் ஷீட்டையே பல அடுக்காக வைத்து, ரப்பர் பாலையே பசையாகப் பூசி ஒட்டியிருந்தார். சாயங்கால வெளிச்சத்தில் பன்றியைக் குறி பார்க்க, குழல் நுனியில் சங்குத் துண்டு ஒன்றைப் பதித்திருந்தார். மேஸ்திரி அந்த மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "கொள்ளாமே" என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பாராட்டு எனக்கு வருஷத்துக்கு ஒரு முறை கிடைத்தால் அதிகம்.

"அதுதான் மேஸ்திரி என்னக் கெடுத்துது" என்றார் வாத்தியார். "மெத்தை நல்லா அமைஞ்சுதா, தோட்டாவுக்கும் பாலத் தேய்க்கலாம்னு தோணிச்சு."

அந்தக் காலத்துத் தோட்டா பித்தளை அடியில் செருகிய காகிதக் குழாய். எங்கள் ஊர் மழைக்கு அது ஊதிப்போகும். சிலர் வெயிலில் காயப் போடுவார்கள், சிலர் அடுப்புக்கு மேலே பரணில் வைத்து எங்களைக் கலங்கடிப்பார்கள். வாத்தியார் ரப்பர் பாலில் தண்ணீர் கலந்து, தோட்டாவை ஒரு முக்கு முக்கி உலர்த்தினார். மெல்லிய பூச்சு. இரண்டு தோட்டா நன்றாக வெடித்தது. பிறகு மகன் கை வைத்தான். நனையவே கூடாது என்று தண்ணீர் கலக்காத பாலில் இரண்டு தடவை முக்கினான். பன்றி வந்த ஒரு நாள் அவன்தான் துப்பாக்கியில் போட்டான். பூச்சின் கனத்தில் தோட்டா அறைக்குள் பாதி போய் நின்றுவிட்டது. போல்ட்டும் அதன் பின்னால் பாதியில் நின்றது. இழுத்தான், வரவில்லை. அப்படியே புரையில் வைத்துவிட்டு மறுநாள் ஊர்வலத்துக்குப் போனான்.

"எத்தன போட்டான்?" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணுன்னுதான் சொன்னான்."

மேஸ்திரி வேலையைத் தொடங்கினார். போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்து, மயிரிழை மயிரிழையாகப் பின்னால் இழுத்தார். போல்ட் வந்தது, தோட்டா வரவில்லை. தோட்டாவைப் பிடித்திழுக்கும் கொக்கி பித்தளை விளிம்பைச் சுரண்டிவிட்டு நழுவியது. போல்ட்டைத் திறந்த நிலையில் நிறுத்தி, முன்பக்கத்து மூடியைத் திருகி எடுத்து, குழலை மட்டும் உருவினார். இப்போது தோட்டா குழலின் பின்வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் வெடிக்கும் பொட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படிச் சிக்கினால் குழல் வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி ஊற விடுவது எங்கள் வழக்கம். வெடிமருந்து நனைந்து செத்துவிடும். மேஸ்திரி வாத்தியாரைப் பார்த்தார். "தண்ணி போவாம இருக்கச் செய்யுதது நல்லாத்தான் செஞ்சிருக்கியளே. இனி நம்ம ஊத்துத தண்ணியும் போவாது." குரல் உயரவில்லை. மெதுவாகச் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

மண்ணெண்ணெய் விடலாமா என்று நான் கேட்டேன். ரப்பர் அதில் ஊதும், இன்னும் இறுக்கும் என்று தலையை ஆட்டினார். சோப்பை நீரில் கரைத்துக் கொண்டுவரச் சொன்னார். குழலை இரண்டு வாழைத்தண்டுக்கு நடுவில் படுக்க வைத்துக் கட்டினோம். பின்வாய் மண்மேட்டைப் பார்த்தபடி, எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். பொட்டு எதிலும் இடிக்கக் கூடாது. கோழி இறகால் சோப்பு நீரைத் தொட்டுத் தொட்டு விளிம்பைச் சுற்றி விட்டார். காத்திருந்தார். மறுபடி விட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாத்தியார் சூரியனைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 

கடைசியில் மேஸ்திரி எங்களை வாழைக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, கமுகுக் குச்சியை முன்வாய் வழியாக விட்டு, உடம்பைக் குழலின் நேரில் இல்லாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டு அழுத்தினார். தட்டவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. நான் மனப்பாடமாகத் தெரிந்த பைபிள் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கி, முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். குழலுக்குள் தோல் உரிகிற மாதிரி ஒரு சத்தம். தோட்டா வழுக்கிக்கொண்டு வந்து, நாங்கள் கீழே போட்டிருந்த ஈரச் சாக்கில் விழுந்தது.

வாத்தியார் ஓடிப்போய் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டம்மா சரிவிலிருந்து இறங்கி வந்தாள். பொன்னையன் பீடி பற்ற வைத்தார். குழலைத் துடைத்துத் திரும்பப் பூட்டினோம். போல்ட்டை இழுத்து விட்டார் மேஸ்திரி, சுத்தமாக மூடியது. "போவலாம் மேஸ்திரி, அங்க சேரும்போ நேரமாயிரும்" என்று வாத்தியார் துப்பாக்கிக்குக் கை நீட்டினார். அன்று மேஸ்திரி களைத்திருந்தார். கொடுக்கத்தான் போனார்.

நான் தெருமுனை வரை போய்த் திரும்புகிற ஆள் என்று சொன்னேனே. "ஒருக்காத் தாருங்க" என்று வாங்கி, அடியில் உள்ள திறப்பு வழியாக விரலை வயிற்றுக்குள் விட்டேன். அங்கே ஸ்பிரிங் தள்ளுகிற தகடு விரலில் பட வேண்டும், அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். என் விரலில் பட்டது அசையவில்லை. குளிர்ச்சியாக, வட்டமாக, நடுவில் ஒரு பொட்டோடு இருந்தது.

"மேஸ்திரி, வயித்துல ஒண்ணு உண்டு" என்றேன். 

அவர் வந்து தாமும் விரலை விட்டார்.  மகன் இரண்டு போட்டிருக்கிறான். இரண்டாவது ரப்பர் பூச்சோடு குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஸ்பிரிங் தள்ளியும் நகராமல் இருந்திருக்கிறது. வெயிலில் சூடேறி, வழியில் ஒரு குலுக்கு குலுங்கினால் ஒட்டு விடும். அடுத்த முறை யாராவது போல்ட்டை இழுத்து, அறை காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு மூடினால், மூடுகிற போதே அது மேலே ஏறி அறைக்குள் போய்விடும்.

வாத்தியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுன்னுதானே சொன்னான், ஒண்ணுன்னுதானே சொன்னான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி பிரித்தோம், மறுபடி சோப்பு நீர், மறுபடி இறகு. இந்த முறை மேஸ்திரி இறகை என்னிடம் நீட்டினார். என்னைச் செய்யச் சொன்னார். வெளியே வந்த இரண்டு தோட்டாவையும் வாழைத்தடத்துச் சேற்றில் புதைத்துவிட்டு, வயிற்றுக்குள் அவர் ஒரு தடவையும் நான் இரண்டு தடவையும் விரல் விட்டுப் பார்த்தோம். அதன் பிறகுதான் வாத்தியாரோடு மூவராகக் கிளம்பினோம்.

ஸ்டேஷனில் கூட்டம். நீண்ட அறை ஒன்றில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஏட்டு, அவருக்கு நேர் எதிரே லாக்கப்பின் கம்பிகள். வருகிற துப்பாக்கியை வாங்குவார், திறந்து பார்ப்பார், மூடுவார், எதிரே நீட்டி விசையை இழுப்பார், 'டிக்' என்று கேட்டதும் மூலையில் சாத்துவார். கெட்டவர் இல்லை. காலையிலிருந்து சாப்பிடாமல் அதையே செய்துகொண்டிருக்கிறார், எதிரே என்ன இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி நின்றார்கள். வாத்தியாரைப் பார்த்ததும் ஜெபமணி முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். கன்னம் வீங்கியிருந்தது. தகப்பனைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

ஏட்டு எங்கள் துப்பாக்கியை வாங்கினார். போல்ட்டை இழுத்தார், அறைக்குள் பார்த்தார், விட்டார். 'சடக்' என்று மூடியது. அப்படியே நேரே நீட்டினார். குழலின் வாய் ஜெபமணியின் மார்பு உயரத்தில் இருந்தது. மூன்று தடவை விரல் விட்டுப் பார்த்த துப்பாக்கி அது. ஆனாலும் அந்த ஒரு நொடியில் நான் எதையுமே நம்பவில்லை. வாத்தியார் மேசையை நோக்கி ஒரு அடி வைத்தார்.

'டிக்.'

வாத்தியார் மேசையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். ஏட்டு நிமிர்ந்து பார்த்து, துப்பாக்கி போன அழுகை என்று நினைத்துத் தேற்றினார். "எந்தா சாரே, கரயுந்நது? தோக்கு போயதினோ? பேடிக்கண்டா, பிரச்னை தீரும்போள் திரிச்சு தரும்."

"தோக்கு நீங்களே வெச்சிக்கிடுங்க ஏமானே" என்றார் வாத்தியார். ஸ்டேஷனுக்குள் தமிழில் பேசக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்தான். "எனக்க மவன எப்ப விடுவிய?"

ஏட்டுக்கு அது புரிந்தது.  மெத்தையில்லாத பழைய இரட்டைக்குழல் ஒன்றை அடுத்த ஆள் மேசைமேல் வைத்தார். ஏட்டின் கை அதை நோக்கிப் போனது.

மேஸ்திரி கைக்கடிகாரத்தைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார். மேசைக்கு முன்னால் போய், லாக்கப் கம்பியில் முதுகு படும்படி தரையில் உட்கார்ந்து, பையை அவிழ்த்தார்.

"ஏமானே, ஞான் தோக்கு நன்னாக்குந்ந ஆளா. லைசென்ஸ் உண்டு. இனி வருந்நதெல்லாம் ஆத்யம் இவிடெத் தரணும். ஞான் நோக்கித் தராம்."

ஏட்டு, எல்லாத் துப்பாக்கியையும் முதலில் தானே சோதித்துத் தருவதாகச் சொன்ன அவரையும் கம்பியையும் பார்த்தார். பிறகு, தம் எதிரே என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது போல, கையிலிருந்த துப்பாக்கியின் வாயைத் தரைக்குத் தாழ்த்தி மேஸ்திரியிடம் நீட்டினார்.

வெளியே ஜீப் ஒன்று வந்து நின்றது. யாரோ அதட்டினார்கள். எனக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடினால் பாதி வழியில் நின்று, அந்த இரட்டைக்குழலில் என்ன இருந்ததோ என்று யோசித்தே செத்திருப்பேன். மேஸ்திரிக்குப் பக்கத்தில், கம்பியில் முதுகு படும்படி நானும் உட்கார்ந்தேன்.